ஆறு நாற்பது, கோத்தகிரி

ரப்பர் கைக்குக் குளிர் தெரியாது.
எப்போது குத்தினாலும் அதே இடத்தில் நரம்பு,
உள்ளே சிவப்புச் சாயத் தண்ணீர்.
மூன்று வாரம் அதனிடம் நான் கெட்டிக்காரி.

இன்று யோகராணியின் கை.
வெளியே புல்லெல்லாம் உறைபனி.
பட்டையை இறுக்கி, விரல்களை மடக்கச் சொல்லி,
தட்டித் தடவிப் பார்க்கிறேன்.
ஒன்றும் எழவில்லை.
மார்கழியில் நரம்பும் போர்வைக்குள் போய்விடுகிறது.

"கண்ணால தேடாத, விரலால தேடு"
என்கிறாள், நேற்று என் முழங்கை மடிப்பை
நாவற்பழ நிறத்தில் கன்ற வைத்தவள்.

முதல் குத்தில் வெறும் சதை.
"பரவால்ல, தேயிலை வாது கிழிக்கிறதவிடக் கம்மி."

அவள் வீட்டு ஃபிளாஸ்க்கில் சாயத்தண்ணி.
டம்ளரில் ஊற்றி
அவள் கைமடிப்பில் வைத்துக் காத்திருந்தேன்.
பிறகு ஸ்பிரிட். மறுபடி விரல்.
மெத்தென்று ஏதோ
என்னைத் திருப்பித் தள்ளியது.

ஊதா மூடிக் குழாய்
தானே இழுத்துக் குடித்தது.
எட்டு முறை கவிழ்க்க வேண்டும், தெரியும்.
இவ்வளவு சூடாக இருக்கும் என்று மட்டும்
பாடத்தில் எங்கும் இல்லை.
உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நின்றேன்.

"ஏய், பேரெழுது"
பஞ்சை அழுத்தியபடி அவள்,
"இல்லன்னா அது யாரோடதோ ஆயிடும்."