சாகாமம் வீதி, இரவு 8.40

வீல் பேரிங் போயிட்டு போல மிஸ் என்று
இஸ்ஸதீன் ஓட்டோவை ஓரங்கட்டினான்.
வேளாண்மை குடலை தள்ளும் மாதம்.
இரண்டு பக்கமும் வயல், தூரத்தில் யானைக்காவல் நெருப்பு,
குளக்கட்டில் கறுப்பாய் மருதுகள்.

சில்லை உதைத்துப் பார்த்தான். குந்தியிருந்து
அச்சில் காதை வைத்தான். எஞ்சினை நிறுத்தினான்.
பிறகு, யாரோ படுத்திருக்கும் வீட்டில் பேசுவதுபோலச் சொன்னான்:
வண்டி நிண்டுட்டு. சத்தம் நிக்குதில்ல.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

தவளை கேட்டது. வழக்கமான சில்வண்டு கேட்டது.
அதன் குடும்பம் தெரியும், கோத்திரம் தெரியும்,
எந்த வருடம் எவர் பெயர் வைத்தார் என்பதும் தெரியும்.
அதற்கும் மேலே,
என் ஐம்பத்திரண்டு வயதுக் காது
எனக்குச் சொல்லாமலே காலிசெய்துவிட்ட மாடியில்
இரும்பை இரும்பு உரசிக்கொண்டிருந்தது
ஓட்டோக்காரனுக்கு.

அந்தா, அந்தக் கொப்பில. இல்ல, அதுக்கும் மேல.
அவன் காது போன பக்கமெல்லாம் டோர்ச்சைத் திருப்பினேன்.
இலை, இலை, இலை,
மீசை வைத்த இலை.

கண்டுபிடித்தேன் என்று கட்டுரையில் எழுதுவேன்.
பிடித்தது அவன், தன் தொப்பியால்.

மறுநாள் போத்தலுக்குள் இருந்தும் கத்தியதாம்.
பதிவுக் கருவி சொன்னது.
பதினாறு கிலோஹேர்ட்ஸில்
திரைமுழுக்க ஒரு கறுத்த வேலி.
பாட்டை நான் பார்த்தேன்.

பிறகு குளிர்ப்பெட்டி. பிறகு ஊசி, மார்பின் வலப்புறம்.
நுணுக்குக்காட்டியின் கீழ் இடச்சிறகைத் தூக்கினால்
அடியில் தடித்த ஒரு நரம்பு, நரம்பில் பற்கள்.
எண்ணினேன், எழுபத்து மூன்று.
திரும்ப எண்ணினேன், எழுபத்து நான்கு.
மூன்றாம் முறை கரண்ட் போய்விட்டது.
விடியும்வரை இருந்து எழுதினேன்: எழுபத்து நான்கு.

காது, முன்காலில் முழங்காலுக்குக் கீழே,
கீறல் மாதிரி ஒரு பிளவு.
எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியிலும்
கேட்டபடி நடக்கிற பிராணி.

தூர தேசத்து அலுமாரிகளில் நூறு வருடமாய்க்
காய்ந்து கிடக்கும் உறவினரின் படங்களை எடுப்பித்து
ஒவ்வொன்றாய் ஒப்பிட்டேன்.
அவற்றுக்கெல்லாம் வால்நுனிக் கொக்கி நேராக இருந்தது.
இதற்கு உள்ளே வளைந்து, முனை இரண்டாய்ப் பிளந்து.
அரை மில்லிமீற்றர் வளைவு.
அதில்தான் ஒரு இனம் முழுதும் தொங்குகிறது.

என்ட பேர வைக்க ஏலாதா மிஸ்?
வைக்கலாம் என்றேன். சிரித்தான்.
வேணாம், பொடியனுகள் என்னை
வெட்டுக்கிளியெண்டு கூப்பிடத் தொடங்கிருவானுகள்.
ஆகவே ஊரின் பெயர், இலத்தீன் வால் ஒட்டி.
சாகா என்று தொடங்கும் சொல்லை
குத்திக் காயவைத்த உடலுக்குக் கீழே எழுதும்போது
கை கொஞ்சம் கூசியது. எழுதினேன்.
சேகரித்தவர்: மு. இஸ்ஸதீன்.
கருவி என்ற இடத்தில் தொப்பி என்று போட்டதை
இதழாசிரியர் வெட்டிவிட்டார்.

போன கிழமை அழைத்தான். அதே சத்தம் மிஸ், அக்கரைப்பற்றுச் சந்தியில.
ரெக்கோடரோடு ஓடினேன்.
அது உண்மையிலேயே பேரிங்.

ஒரு தலைப்பு மட்டும் இன்னும் என்னைத் தூங்கவிடுவதில்லை.
விவரிப்பில் அதற்கு ஒரே வரி, வழக்கமான வரி:
பெண்: தெரியவில்லை.

இந்தக் குடும்பத்தில் இப்படிக் கூவுவது ஆண்தான்.
கூவினால் வருவதற்கு ஒருத்தி இருக்க வேண்டும்.
எட்டு நாற்பதுக்கு நாங்கள் நிறுத்தியபோது
அவள் எந்தக் கிளையில் நின்றாள்,
எவ்வளவு தூரம் ஏறி வந்திருந்தாள்,
தொப்பி விழுந்தபின்
எந்தக் காலை
தூக்கியபடியே வைத்திருந்தாள்.