நிறக் குறியீடு

ஓட்டுநர் கதவைத் திறந்தால்
தூணோரம் ஓர் ஒட்டுத்தாள்.
காரின் நிறத்துக்கு அவர்கள் வைத்த பெயர் அதில்தான் இருக்கிறது:
ஓர் எழுத்து, இரண்டு எண்கள்.
ஒன்பது வருடமாக நான் அதை நீலம் என்று சொல்லிவந்தேன்.

உபியில் ஒரு கடையில் குறியீட்டைக் காட்டியதும்
நகப்பூச்சுப் புட்டி போல ஒன்றை எடுத்து வைத்தார்கள்.
பதினெட்டு வெள்ளி.
குலுக்கினால் உள்ளே ஒரு குண்டு கிணுகிணுக்கிறது.

யீஷூன், மாடிக் கார் நிறுத்தகம், ஐந்தாம் தளம்.
இரவு பதினொன்றரை.
இங்கே கார் கழுவக்கூடாதென்று பலகை சொல்கிறது,
ஆகவே வாளி இல்லை, ஈரத்துண்டு.
துடைக்கத் துடைக்க
பானெட்டில் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.
முப்பத்தொன்று.
எள்ளளவு சில, உளுந்தளவு சில,
பம்பர் பக்கம் ஒன்றில் துரு.

எந்தக் கல்லும் நின்று பேர் சொன்னதில்லை.
தீவு விரைவுச்சாலையில் போகையில்
டிக் என்று ஒரு சத்தம்.
என்னது, என்பாள் கோதை.
கல்லு, என்பேன்.
பேச்சு விட்ட இடத்தில் தொடரும்.

ஒன்றை மட்டும் தெரியும்.
கண்ணாடிக்குக் கீழே, இடப்பக்கம்.
துவாஸில் மணல் லாரிக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தோம்.
பெர்த்தில் வேலை கிடைத்துவிட்டதென்று
அவள் சொல்லி முடித்திருந்தாள்.
டிக்.
யாரும் என்னது என்று கேட்கவில்லை.

ஊசியால் துருவைச் சுரண்டினேன்.
ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெழுகை எடுத்தேன்.
அடிப்பூச்சு காயும்வரை
மூடியில் எழுதியிருந்ததைப் படித்தேன்:
இருபது நிமிடம்.
இந்த ஊர் ஈரக்காற்று அதைப் படித்ததில்லை.

பிறகு பல்குத்தி.
இழுத்தால் கோடு, தொட்டால் துளி.
குழிக்குள் துளி பொங்கி நிற்கும்,
காயக் காய அமுங்கும்,
மறுபடி வைக்க வேண்டும்,
மறுபடியும்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தால்
விளக்கு அணைந்துவிடுகிறது.
அசையும் ஆளுக்குத்தான் அது எரியும்.
என் வேலையோ அசையாமல் இருப்பது.
துளிக்கொரு தரம் நிமிர்ந்து
கையை ஆட்டினேன்,
பேருந்தைத் தவறவிட்டவன் மாதிரி.

ஒரு மணிக்கு மீன் துறைமுகத்துக்குக் கிளம்பினார் பெங் ஹுவாட்.
சிஓஇ எப்போது முடிகிறது என்றார்.
ஜனவரி.
ஜனவரியில் நசுக்கப்போகிற காருக்குப் பவுடரா,
சிரித்தார்.
வேனைக் கிளப்பினார், ஆனால் போகவில்லை.
முகப்பு விளக்கை பானெட்டின் மேல் விட்டுவிட்டு
போனை நோண்டிக்கொண்டிருந்தார்,
நான் ஐந்து துளி வைக்கிற நேரம்.

அந்த வெளிச்சத்தில்தான் பார்த்தேன்.
பொருந்தவில்லை.
புட்டியில் இருந்தது
தொழிற்சாலை வாசலில் நின்ற நாளின் நீலம்.
கார் எப்போதோ அதைவிட்டுப் போயிருந்தது,
புளோக்குக்கு வெளியே நின்ற மதியங்களில்,
கொஞ்சம் கொஞ்சமாக,
தினமும் பார்த்த என் கண்ணுக்குத் தெரியாமல்.
வெளுத்த பானெட்டில்
என் திருத்தங்கள் மட்டும் அடர்ந்து தெரிந்தன,
கொசு கடித்த இடங்கள் போல.

தப்பான நிறமில்லை.
குறியீடு சரி.

வேன் இறங்கிப் போனது.
கோதையைக் கூப்பிட்டேன்.
பெர்த்தும் நாமும் ஒரே நேரம்,
கடிகாரத்தில் எங்களுக்குள் வித்தியாசமே கிடையாது.
தூங்கலையா, என்றாள், தூங்காத குரலில்.
கேமராவைத் திருப்பிக் காட்டினேன்.
எங்கே?
இதோ.
எல்லாம் ஒரே நீலமாத்தானே இருக்கு.

இன்னும் கிட்டே கொண்டுபோனேன்.
கண்ணாடிக்குக் கீழே, இடப்பக்கம்.
அதை இன்னும் தொடவில்லை,
கடைசியில் பார்த்துக்கொள்ளலாமென்று விட்டிருந்தேன்.
அவள் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு,
அது லாரிக்காரன் போட்டதுல்ல, என்றாள்.

விளக்கு அணைந்தது.
கையை உயர்த்தி ஆட்டினேன்,
விளக்குக்குத்தான்.
திரையில் அவளும் ஆட்டினாள்.