கால் ஒன்று குறைகிறது

செல்லூர்க் கிளை நூலகத்தில்
சனிக்கிழமை மூன்று மணிக்கு மேல்
யாராவது ஒருவர் காலைத் தொலைத்துவிட்டு அழுவது உண்டு.

"அக்கா, என் காலை எடுத்து ஒளிச்சுட்டான்."
"அவன்கிட்ட ரெண்டு கொம்பு இருக்குக்கா,
ஒண்ணு கேட்டாத் தர மாட்டேங்கிறான்."
மின்கணக்கு எடுக்க வந்தவர்
செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

காலண்டர் அட்டைகளை வெட்டியது நான்தான்.
ஆசைப்பட்டு அல்ல.
ஏப்ரல் முழுக்கப் புத்தகம் எடுத்தவர்கள் பதினொரு பேர்,
அதில் நாலு பெயர் என் வீட்டு ரேஷன் அட்டையில் இருப்பவை.

க, ச, த எல்லாம் ஒரு பெட்டியில்.
கால், கொம்பு, இரட்டைக் கொம்பு
தனித்தனியாக ஐஸ்கிரீம் டப்பாக்களில்.
கி, கீ, கு, கூ மட்டும்
பிரிய மாட்டோம் என்று அடம்பிடித்தன,
முழுசாகவே வெட்டினேன், கட்டைவிரல் காய்த்துப்போனது.
புள்ளிக்கு உளுந்து.
ஒரே ராத்திரியில் எலி வந்து
அத்தனை மெய்க்கும் உயிர் கொடுத்துவிட்டுப் போனது.

அப்புறம் கேட்காமலே பொத்தான்கள் வந்தன.
வெள்ளை, நீலம், பள்ளிச் சீருடையின் காக்கி.
நூல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த ஒன்று.

முத்துமீனாள் வந்தது அடுத்த சனிக்கிழமை,
எவர்சில்வர் பட்டறையிலிருந்து நேராக,
பாலீஷ் கரி முழங்கை வரை.
"எம் பையன் சட்டை பூராம் வாயைப் பொளந்து கெடக்கு,
என்னத்தைத்தான் சொல்லித் தர்றீங்க இங்க?"
பெட்டியைக் கவிழ்த்தாள். இரண்டு கிடைத்தது.
மூன்றாவது, மேசையில் யாரோ அடுக்கிய ஒரு சொல்லின்
கடைசி எழுத்துமேல் உட்கார்ந்திருந்தது.
எடுத்தாள்.
எழுத்தெழுத்தாக உதட்டை அசைத்தாள்.
சம்பளம.
திரும்ப வைத்தாள்.
"சம்பளம். இதுதான் போன வாரத்துக்கு இன்னும் வரல."
இரண்டு பொத்தானோடு போய்விட்டாள்.

சத்தம் பற்றி முதலில் புகார் எழுதியவள் மாரிச்செல்வி.
குரூப் நாலு, மூன்றாம் முறை.
மின்விசிறிக்குக் கீழே அவளுக்கென்று ஒரு நாற்காலி.
அன்றைக்கு ஷிஃபானா 'கறுப்பு' என்று அடுக்க,
கருப்புராஜா மேசையில் அடித்தான்:
"எம் பேருக்குச் சின்ன ர. பாரு, ஆதார் அட்டையிலயே இருக்கு."
"நிறத்துக்குப் பெரிய ற-தான்" என்றது
மின்விசிறிக்குக் கீழிருந்து ஒரு குரல்.
"பரீட்சைல கேப்பாங்க."

அவன் அலமாரிக்கு ஓடினான்.
இரண்டு கையாலும் தூக்கி வந்தான்.
வகுப்பில், தெருவில், வீட்டில்
அகராதி புடிச்சவன் என்று பேர் வாங்கியவன்
அகராதியைப் பிடித்தது அன்றுதான்.
தூசிக்கு இரண்டு தும்மல்.
க-வில் தொடங்கி விரலை இழுத்து இழுத்து
கருணை, கருது, கருநாகம் தாண்டி,
கருப்பு: பஞ்சம்.

"பஞ்சமா?"
ஷிஃபானா சிரித்ததில் கொம்பெல்லாம் கீழே கொட்டியது.
அவன் சிரிக்கவில்லை. பக்கத்தை மூடவும் இல்லை.
அடுத்த வரி, அதற்கடுத்த வரி என்று
ஆறரை மணிக்கு நான் ஷட்டரை இழுக்கும்வரை
வேறே நல்ல அர்த்தம் தேடிக்கொண்டிருந்தான்.
யார் ஜெயித்தது என்று எழுதிவைக்க மறந்துவிட்டோம்.

திங்கட்கிழமை ஆய்வுக்கு வருகிறார்கள்.
கூட்டிப் பெருக்கி, பதிவேட்டுக்குக் கோடு போட்டு,
தற்செயலாகச் சுவரைப் பார்த்தேன்.
ஸ்டிக்கர் எழுத்து ஒன்றை
யாரோ நகத்தால் உரித்து எடுத்திருக்கிறார்கள்,
அவசரத்துக்கு ஒரு கால் தேவைப்பட்டிருக்கும்.

அமைதி கக்கவும் என்கிறது பலகை.

டப்பாவில் உபரியாக ஏழு கால் கிடக்கின்றன.
பசையும் இருக்கிறது.
விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பினேன்.