எட்டு பன்னிரண்டு ஸ்லோ

தானேயில் உட்கார இடம் கிடைத்த அதிசயத்தில்
இரண்டு மடிகளுக்கு நடுவே தகரப் பலகையை விரித்தோம்.
காந்தக் காய்கள். வைத்தால் ஒட்டிக்கொள்ளும்,
எடுக்கும்போது சின்னதாய் முரண்டு பிடிக்கும்.
என் ராணி அவளுக்கு வஜீர்.
என் மந்திரி அவள் மராத்தியில் ஒட்டகம்.
குதிரை மட்டும் இரண்டு மொழியிலும் குதிரைதான்.

முலுண்டுக்குள் நான்கு குதிரைகளும் வெளியே வந்துவிட்டன,
பள்ளிக்கூட வரிசை மாதிரி, ஒழுக்கமாய்.
நாஹூரில் நான் ஒழுக்கத்தைக் கெடுத்தேன்.
நடுவில் நின்ற அவள் சிப்பாயை
என் குதிரை கவ்வியது,
அதற்கு ஒரு குதிரை காவல் நிற்பது தெரிந்தே.

சுலபா காம்ளே நிமிர்ந்து பார்த்தாள்.
"தப்பா வச்சிட்டே. எடுத்துக்கோ."
"தப்பில்லை."
"ஒரு சிப்பாய்க்கா?"
ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை அவளுக்கு,
ஒரு துளியையும் எண்ணாமல் விடமாட்டாள்.
பெயர்தான் சுலபா.
எண்ணி முடித்து, தின்றாள்.

காப்பீட்டு அலுவலகத்தில் நாள் முழுக்க
அடுத்தவர் நட்டத்துக்கு விலை போடுகிறவள் நான்.
எரிந்த கடை, நனைந்த சரக்கு, கவிழ்ந்த லாரி,
எதற்கும் பாதிக்கு மேல் எழுதியதில்லை.
காலையில் இந்த ஐம்பது நிமிஷம் மட்டும்
முழுசாகக் கொடுத்துப் பார்க்கிறேன்.

குதிரை கீழே தள்ளியதுமல்லாமல்
குழியும் பறித்ததாம் என்பார்கள்.
என்னுடையது
தானே விழுந்து குழி பறிக்கிற ரகம்.

பாண்டுப். சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன்.
தின்ற குதிரை புறப்பட்ட கட்டத்துக்கே திரும்பியது.
கஞ்சூர்மார்க். இன்னும் ஒரு கட்டம்.
அது லாயத்துக்கே போய்விட்டது.
விக்ரோலியில் ஏறிய யாரோ ஒருத்தியின் டிபன் பை
பலகை மேல் உட்கார்ந்து எழுந்தது.
காந்தம் காப்பாற்றியது.
பக்கத்துச் சிப்பாயையும் தள்ள,
மற்றக் குதிரையும் லாயத்தில்.

குர்லா தாண்டும்போது பார்க்கிறேன்:
அவள் படை முழுக்க அவரவர் வீட்டில்,
ஆட்டமே தொடங்காத மாதிரி.
ராஜாவுக்கு முன்னால் மட்டும்
ஒரு பல் விழுந்த இடம்.
கையில் ஒரு குதிரை அதிகம் வைத்துக்கொண்டு
நகம் கடித்தாள் சுலபா.

இது செல்லாத ஆட்டம், எனக்கே தெரியும்.
கணினியிடம் காட்டினால் இரண்டு நொடியில் சிரித்துவிடும்.
ஆனால் கணினியின் கழுத்தில்
சயானில் யார் மூச்சும் படுவதில்லை.
அது தாதரில் இறங்கவும் வேண்டாம்.

மாட்டுங்காவில் இன்னொரு தள்ளு.
அவள் சிப்பாயின் மூக்கோடு மூக்கு.
அவள் விரல் ராணிக்கு மேலே, இல்லை, வஜீருக்கு மேலே
நின்றது. இறங்கியது. மறுபடி நின்றது.

தாதரில் யாரும் இறங்குவதில்லை,
இறக்கப்படுகிறார்கள்.
பை ஒரு தோளில், துப்பட்டா யாருடைய தோளிலோ,
கூட்டம் அவளைத் தூக்கிக்கொண்டு போனது.
ஜன்னல் கம்பிக்கு வெளியே வந்து
உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்:
என் வெள்ளைக் குதிரை.
இத்தனை ஸ்டேஷனும் அதை இறுக்கிப் பிடித்திருக்கிறாள்.
உதடு அசைந்தது. "நாளைக்கு" என்றிருக்கலாம்.
"தோத்துட்டேன்" என்றிருக்காது.

பரேலில், காலியான இடத்தில் கால் நீட்டியபோது
அவளுக்கு இருந்த பதில் கண்ணில் பட்டது.
வாங்கினதைத் திருப்பித் தந்தால் போதும்,
நான் ஒன்றுமில்லாமல் நிற்பேன்.

என் கைக்குள் அவள் கறுப்புச் சிப்பாய், வியர்வையில்.
கிளிப் விற்கிற சிறுமி ஒருத்தி
தட்டை இடுப்பில் சாய்த்துப் பலகையைப் பார்த்தாள்.
யார் ஜெயிக்கிறது என்று இந்தியில் கேட்டாள்.
மஸ்ஜித் வரைக்கும்
எண்ணிக்கொண்டிருந்தேன்.