உபரி

மாநகராட்சி கொடுத்த காகிதத்தில் நான்கு வரி.
செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து
வினாடிக்கு ஆறாயிரம் கன அடி உபரி நீர் திறக்கப்படுவதால்
அடையாற்றின் கரையோரத் தாழ்வான பகுதி மக்கள்
பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்பதை
மூச்சு வாங்காமல் சொல்ல
எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.
வார்டு ஆபீசில் தினக்கூலி நான்.
கொசுமருந்து அடிக்கிற நாள் போக
மழை நாளில் ஆட்டோ பின்சீட்டில் மைக்.
ஓட்டுவது தஸ்தகீர்.

மணப்பாக்கத்தில் முதல் தெருவிலேயே
ஒருத்தர் கதவைத் திறந்து கேட்டார்,
கன அடின்னா எம்மாம் அடிம்மா,
எங்க மாடிப்படி எத்தினி முங்கும்?
காகிதத்தில் மாடிப்படி இல்லை.
தாழ்வான பகுதி எது சார் என்று
சூப்பர்வைசரை முன்பொருமுறை கேட்டிருக்கிறேன்.
தண்ணி நின்னா தெரியும் போ, என்றார்.

இருட்டும்போது
ஆற்றை ஒட்டிய அந்தப் பதினெட்டு மாடி.
தளம் உண்டு, சுவர் இன்னும் இல்லை.
அதன் காலடியில் தகரக் கொட்டகைகள்,
சாலைக்கு ஓர் ஆள் உயரம் கீழே.
நான்கு வரியையும் மூன்று தடவை படித்தேன்.
தகரத்தில் மழைதான் பதில் சொன்னது.
ஒரே ஒரு கதவு திறந்தது.
கரண்டியும் கையுமாக ஒரு பையன்
வானத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
கொசுமருந்து வண்டி என்று நினைத்தானோ என்னவோ
மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

போலாமா, என்றார் தஸ்தகீர், இன்னும் நாலு தெரு கெடக்கு.
மடியில் பதிவேடு.
எச்சரிக்கை விடப்பட்டதா: ஆம், இல்லை.
ஆம் என்று டிக் அடித்தேன்.
அடித்துவிட்டு இறங்கினேன்.

சுதாம் பெஹெரா, கம்பி கட்டுபவர்.
ஒடிசாவில் கடலோரம் ஏதோ ஊர்,
சொன்ன பெயர் தகரச் சத்தத்தில் போய்விட்டது.
நான்கு வரியில் ஒரு சொல்தான் அவருக்குப் பிடிபட்டிருந்தது.
உபர, உபர என்று விரலை மேலே காட்டினார்,
மேலே மழை, அதுதான் தெரிகிறதே என்பதுபோல.
அந்த விரலைப் பிடித்து ஆற்றுப் பக்கம் திருப்பினேன்.
என் கணுக்காலைத் தொட்டுக் காட்டினேன்.
முழங்காலை.
இடுப்பை.
அவர் தன் கையைத் தலைக்கு மேல் தூக்கி
கெத்தே? என்றார்.
எவ்வளவு என்று எனக்கு எப்படித் தெரியும்.
காகிதத்தில் ஆறாயிரம் இருந்தது, அவ்வளவுதான்.

புயலைப் பற்றி அவருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.
காற்றில் கையை ஒருமுறை சுழற்றினார்,
பிறகு விரல்விட்டு யாரையோ எண்ணத் தொடங்கி
மூன்றாவது விரலில் நிறுத்திக்கொண்டார்.

மைக்கை நீட்டினேன், வாங்கவில்லை.
சொல்லித் தந்தார்.
பாணி ஆசுச்சி. உபரகு ஜாஅ.
தண்ணீர் வருகிறது. மேலே போ.
தண்ணீர் அவர்களுக்குப் பாணி.
நமக்குப் பாணி என்றால் ஒரு தினுசு, ஒரு நடை.
அதுவும் சரிதான், நடந்துதானே வருகிறது.

என் நாக்கில் கோணலாகத்தான் வந்தது.
தஸ்தகீர் சிரித்தார்.
ஆனால் முதல் கதவு, எதிர்க் கதவு,
பிறகு நான் எண்ணவில்லை.
டிரங்குப் பெட்டி, சிலிண்டர், சார்ஜரோடு தொங்கும் செல்,
சிமெண்ட் சாக்கில் சுற்றிய குழந்தை, தூக்கம் கலையாமல்.
மூக்கைப் பொத்தியவன்
சோற்றுக் குண்டானைத் தலையில் ஏற்றி
என்னைத் தாண்டிப் படியேறினான்.

ஒன்பது மணிக்குச் சாலையும் ஆறுதான்.
ஆட்டோ இரண்டு தடவை இருமி நின்றது.
நான்காவது தளத்தில் நாங்களும்.
கீழே தகரங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போயின.
நாளை நான்கு தெருவுக்கு என்ன எழுதுவது என்று
யோசித்துக்கொண்டிருந்தபோது
அக்கரையில் வேறு வார்டு, வேறு ஆட்டோ,
வேறொருத்தியின் குரல்.
உபரி நீர், உபரி நீர், கேட்டுக்கொள்ளப்படு
மீதியைக் காற்று பிடுங்கிக்கொண்டது.
அங்கேயும் தகரக் கொட்டகைகள் உண்டு.

சுதாம் விளிம்புவரை போய்
கையைக் குவித்து அந்தக் கரையைப் பார்த்துக் கத்தினார்.
அவர் மூச்சு வாங்கியபோது நான்.
பிறகு அந்தப் பையன்.
பாணி ஆசுச்சி.
பின்னால் மறுபடி அடுப்பேற்றிய சோறு
அடிப்பிடிக்கும் வாசனை.
யாரும் திரும்பவில்லை.