வினைமுற்றுக்கு முன்

தொனோஸ்தியாவில் மூன்று நாளாய் மழை.
நான்காம் மாடி, கண்காணிப்பு அறை.
இமானோலின் தலைக்கட்டுக்குள்ளிருந்து
கம்பிகள் ஒரு கற்றையாய் இறங்கி
சுவர் தாண்டி என் திரைக்கு வருகின்றன.
மண்டைக்குள் நூற்றிருபது மின்முனைகள்.
வலிப்பு எங்கே பிறக்கிறது என்று பார்க்கத்தான் வைத்தார்கள்.
வலிப்பு வராத நேரமெல்லாம்
எங்களுக்கு இரவல்.

ஆய்வுக்கென்று ஒரு கதை உண்டு.
பில்பாவோ வானொலிக்காரர் ஒருவர் படித்துக் கொடுத்தது.
இருபத்திரண்டு நிமிடம்,
இருமல் இல்லை, திக்கல் இல்லை,
ஒவ்வொரு சொல்லும் கழுவிக் கவிழ்த்த தட்டு.
ஐந்தாம் முறை கேட்டு முடித்ததும்
"இந்த ஆள் யாரிடம் பேசுகிறான்?" என்றார் இமானோல்.
எங்கள் படிவத்தில்
அந்தக் கேள்விக்கு இடம் இல்லை.

காதுக்குச் சற்று மேலே விரலகலத்தில் ஒரு மடிப்பு.
அசைக்கு ஒரு மேடு எழும் அங்கே,
துறையில் கட்டிய படகு
சிற்றலைக்குத் தூக்கிக் கொடுப்பதுபோல.
சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி என்கிறோம்.
ஒலியில் தேடிப் பார்த்துவிட்டேன்,
பெரும்பாலும் கிடையாது.
ஓடுகிற தண்ணீர்தான் அது.
வெட்டுவது கேட்கிறவர்.

எதுர்னே வருவது நாலரை மணிக்கு,
ஒந்தாரோவா பேருந்து பிடித்து,
சொட்டும் குடையோடு.
அண்ணனிடம் உட்காருவதற்குள் தொடங்கிவிடுவாள்:
நெத்திலி விலை, மாடிவீட்டுக் குழாய்,
"அதான், அந்த, உனக்குத் தெரியுமே, சிவப்பு வண்டி வைத்திருப்பானே..."
"ஹோசேபாவின் மகன்."
"அவனேதான்."
பாதி வாக்கியம் அவள் வாயில்,
மீதி இவர் தலையில்.
வானொலிக்காரருக்கு ஒருநாளும் அசையாத ஓரங்களில்
நெற்றிப் பக்கம், பொட்டுப் பக்கம்
கோடுகள் எழுந்து நடமாடும்.

எங்கள் மொழி வினையைக் கடைசிவரை
மூடிய கைக்குள் வைத்திருக்கும்.
யார், எதை, யாருக்கு என்று
எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகே
என்ன ஆயிற்று என்பது உள்ளே வரும்.
அதுவரை மூளை சும்மா இருப்பதில்லை.
வரப்போவது யார் என்று கணித்து
நாற்காலி போட்டு வைத்துவிடுகிறது.

வியாழக்கிழமை எதுர்னே சொன்னாள்:
"நேற்று, அப்பாவின் படகை, அந்த பெர்மேயோ ஆளுக்கு..."

நிறுத்தினாள்.
குடையின் கைப்பிடியைத் திருகினாள்.

திரையில் மேலே ஓடுவது அறையின் ஒலி.
அது தட்டையாய்க் கிடந்தது.
கீழே ஓடுவது இமானோல்.
அந்த 'க்கு' முடிந்து கால் நொடி,
ஒலியே இல்லாத இடத்தில்
கோடு மெல்ல எழுந்தது.
எழுந்து, நின்றது.

"காட்டினேன்" என்றாள். "சும்மா காட்டினேன்."

நானூறு மில்லிநொடியில் ஒரு பள்ளம்.
இருட்டில்
இல்லாத படிக்குக் கால் வைத்தவரின் உதறல்.
போட்டு வைத்த நாற்காலியில்
வேறு யாரோ வந்து உட்கார்ந்ததால்.

மழை ஜன்னலில் வழிந்தது.
தலையைத் திருப்பக் கூடாதென்று உத்தரவு.
கூரையைப் பார்த்தபடியே கேட்டார் அவர்:
"எஞ்சினோடு சேர்த்தா?"

வெகுநேரம் கழித்து
"சேர்த்துத்தான்" என்றாள்.

பிறகு வேறு எதையோ பேசினார்கள்.
மருத்துவமனைக் கஞ்சியில் உப்பில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது இரவு பதினொன்று.
ஒவ்வோர் அலைக்கும் கீழே
அதை எழுப்பிய சொல்லைத் தட்டெழுத வேண்டும் நான்.
படகை. பெர்மேயோ. ஆளுக்கு.
அடுத்த கட்டத்தில் விரல் நிற்கிறது.
'விற்றேன்' என்று யாரும் சொல்லவில்லை.
அந்த அறையில் இருவரும்
சுவருக்கு இந்தப் பக்கம் நானும்
கேட்டோம்.

கட்டத்தைக் காலியாக விட்டுச் சேமிக்கிறேன்.
மென்பொருள் அதைச் சிவப்பில் காட்டி
பிழை என்கிறது.