ஒற்றைக் கோடு

பதினான்கு மாதம்
ஹோ நகரப் பேருந்து நிலையத்தில்
மஞ்சள் குடையடியில் உட்கார்ந்து
கைபேசிகளுக்குக் காசு ஏற்றினேன்.
எண்களைத் தப்பில்லாமல் எழுதக் கற்றது அங்கேதான்,
நர்சிங் கல்லூரியில் இல்லை.

மாதமொருமுறை வெள்ளைச் சீருடையைத்
தேய்த்து, மறுபடி மடித்து வைப்பேன்.
"யாருக்குக் கல்யாணம்?" என்பாள்
அறைத்தோழி செலோர்ம்.

நேர்காணலில் ஒரு கேள்விதான் நினைவிருக்கிறது:
இருவர் ஒரே நேரத்தில் கூப்பிட்டால்?
மூச்சுத் திணறுபவரிடம் போவேன் என்றேன்.
இருவருக்கும் திணறினால்?
மின்விசிறியைப் பார்த்தேன்.
அதற்கும் தெரியவில்லை.

வேலை கிடைத்தது. எப்படியென்று கேட்காதீர்கள்.

முதல் இரவு, ஆண்கள் வார்டு.
மூன்றாம் கட்டில் தண்ணீர் கேட்டது.
ஒன்பதாம் கட்டில் என்னைத் திட்டியது.
ஏழில் அக்பேகோ, லாரி ஓட்டுநர்,
சுவர்ப்பக்கம் திரும்பி
மிக ஒழுங்காக
யாரையும் கூப்பிடாமல் இருந்தார்.

அவரிடம்தான் போனேன்.
நெற்றியில் குளிர்ந்த வேர்வை,
சர்க்கரை பாதாளத்தில்.
டாக்டரை எழுப்ப ஆளனுப்பிவிட்டு
குளுக்கோஸ் பாட்டிலை மாட்டினேன்.
ஏற்றுவது பழகிய வேலைதானே
என்று கைக்குச் சொன்னேன்.
கை நம்பவில்லை.

விடிகாலையில் சோளக்கஞ்சி கேட்டார்,
இனிப்புத் தூக்கலாக.
ஒன்பது இன்னும் திட்டிக்கொண்டிருந்தது.

பதிவேட்டில் கையெழுத்திட்டேன்:
எசினாம் டோக்போ, மாணவி.

பழக்கதோஷம்.
தவறென்றால் ஒற்றைக் கோடு மட்டும் இழுக்கலாம்.
அடித்தது கீழே தெரிய வேண்டும்,
பக்கத்தில் சுருக்கொப்பம். அது விதி.

இழுத்தேன்.
கொஞ்சம் கோணலாக விழுந்தது.